கோல் ரம்பம்: வாங்குமுன் ஆராய வேண்டியவை

மரம் நடுவதில் காட்டப்படும் உற்சாகம், அது வளர்ந்த பின்னர் அதனைப் பேணுவதில் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. 1950-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அப்பொழுது மத்திய உணவு, விவசாய மந்திரியாக இருந்த கே. எம். முன்ஷி வன மகோத்ஸவத்தைத் தொடங்கி வைத்தார். அதன் பின்னர் ஆண்டுதோறும் பள்ளி வளாகங்களிலும், அலுவலகத் தோட்டங்களிலும், சாலை ஓரங்களிலும் நடப்பட்ட கன்றுகளுள் பிழைத்தவை இன்று பெருமரங்களாக நிற்கின்றன. அவற்றின் கிளைகள் கூரைமீது சாய்கின்றன, வழியை மறைக்கின்றன, பட்டுப்போனவை காற்றிலும் மழையிலும் முறிந்து விழுகின்றன.

இக்கிளைகளை அகற்ற வேண்டுமாயின் ஒருவர் மரத்தில் ஏற வேண்டும். அல்லது ஏணியைச் சார்த்தி, ஒரு கையால் மரத்தைப் பற்றிக்கொண்டு மறு கையால் அரிவாளை வீச வேண்டும். இரண்டும் அபாயமானவை. கிளை அறுபடும்பொழுது அதன் பாரம் திடீரென நீங்குவதால், எஞ்சிய பகுதி மேல்நோக்கித் துள்ளி ஏணியைத் தள்ளிவிடக் கூடும். தரையில் நின்றபடியே உயரத்திலுள்ள கிளையை அறுக்கும் கோல் ரம்பம் இந்த அபாயத்தை நீக்குகிறது. ஆகவே அதனை வாங்கலாமா என்னும் கேள்வி களப்பணியாளருக்கும், பள்ளித் தோட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியருக்கும் அடிக்கடி எழுகிறது.

இக்கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. கிளையின் உயரம், அதன் பருமன், ஆண்டுதோறும் அறுக்க வேண்டிய கிளைகளின் எண்ணிக்கை, மரத்தின் அருகே இருப்பது என்ன என்னும் நான்கு செய்திகளையும் அறிந்த பின்னரே முடிவு செய்ய இயலும். இந்நான்கையும் அறிந்துகொள்வதற்குப் பணச் செலவு ஏதும் இல்லை.

கருவியின் அமைப்பு

ஆடு மேய்ப்போர் தழை பறிக்கவும், தோட்டக்காரர் காய் பறிக்கவும் பயன்படுத்தும் துரட்டியை அறியாதவர் இல்லை. நீண்ட கோலின் நுனியில் அரிவாளுக்குப் பதிலாக வளைந்த ரம்ப அலகு ஒன்றைப் பொருத்தினால் அதுவே கோல் ரம்பம். ஆயினும் இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. துரட்டி கிளையை இழுத்து ஒடிக்கிறது. அவ்வாறு ஒடியும்பொழுது பட்டை நீளமாகக் கிழிந்து, ஆறாத புண் உண்டாகிறது. ரம்பமோ மரநார்களைச் சிறிது சிறிதாக அறுத்து, வெட்டுவாயைச் சமமாக வைக்கிறது.

கோல் ரம்பத்தின் பற்கள் பிடிப்பவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். எனவே இழுக்கும்பொழுதுதான் அது அறுக்கும். தள்ளும்பொழுது வெறுமனே நகரும். கருவியின் பாரமே அலகைக் கிளையின்மீது அழுத்துகிறது. பலங்கொண்டு அழுத்துவதால் வேலை விரைவுபடாது. மெல்லிய அலகு வளைந்து இறுகிக்கொள்வதே பயனாகும். சில மாதிரிகளில் ரம்பத்தோடு, கயிற்றை இழுத்தால் மூடும் கத்தரி ஒன்றும் இணைந்திருக்கும். விரற்பருமனுள்ள கிளைகளுக்கு அது போதும்.

கைரம்பம் பொருத்திய கோல்களைத் தவிர, பெட்ரோல் எஞ்சினாலும் மின்கலத்தாலும் இயங்கும் சங்கிலி ரம்பங்களும் கோலில் பொருத்தி விற்கப்படுகின்றன. இவை விரைவாக அறுக்கும். ஆனால் பெரும்பாலானவை 5 கிலோவோ அதற்கு மேலோ எடையுள்ளவை. சங்கிலிக்கு எண்ணெய், பற்களுக்குச் சாணை, எஞ்சினுக்குப் பராமரிப்பு ஆகியவை தொடர்ந்து தேவை. பயிற்சி பெற்றவர் இல்லாத இடத்திற்கு இவை ஏற்றவையல்ல.

முதலில் அளந்து பார்த்தல்

கிளையின் உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவோர் பெரும்பாலும் தவறிவிடுவர். பள்ளிக் கணிதப் பெட்டியிலுள்ள 45 பாகை மூலைமட்டம் இதற்கு உதவும். மூலைமட்டத்தின் ஒரு விளிம்பைத் தரைக்கு இணையாகக் கண்ணருகே பிடித்து, சாய்ந்த விளிம்பின் வழியே நோக்கினால் அறுக்க வேண்டிய இடம் தெரியும்வரை முன்னும் பின்னும் நகர வேண்டும். அவ்விடத்திற்கு நேர் கீழே தரையிலுள்ள புள்ளிக்கும், நோக்குபவர் நிற்கும் இடத்திற்கும் உள்ள தூரத்தை அளந்து, அதனோடு கண்ணின் உயரத்தைக் கூட்டினால் கிளையின் உயரம் கிடைக்கும். தரை சமமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதனை எளிதில் செய்வர்.

பருமனை அறிவதற்கு, 10 சென்டிமீட்டர் அகலமுள்ள அட்டைத் துண்டு ஒன்றை மூங்கிற் கோலின் நுனியில் கட்டி, அறுக்க வேண்டிய இடத்தின் அருகே உயர்த்திப் பிடித்து ஒப்பிட்டால் போதும். மின்கம்பி செல்லும் பக்கத்தில் இந்த அளவையும் செய்யலாகாது. அட்டையைவிடப் பருத்த கிளை கையால் இழுக்கும் கோல் ரம்பத்திற்கு உரியதன்று என்று பொதுவாகக் கொள்ளலாம். இதற்குக் காரணம் உண்டு. அறுக்கப்படும் பரப்பு, விட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப அதிகரிக்கிறது. 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிளையைவிட 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிளை மூன்று மடங்கே பருத்ததாயினும், அதனை அறுப்பதற்கு வேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்பது மடங்காகிறது.

நெம்புகோல் தரும் பாடம்

கடையில் கோல் ரம்பத்தை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவருக்கு அது இலேசாகவே தோன்றும். அதனைச் சாய்க்கும்பொழுதுதான் அதன் உண்மையான பாரம் தெரியும்.

4 மீட்டர் நீளமும் 2 கிலோ எடையும் உள்ள கோல் ஒன்றின் நுனியில் 1 கிலோ எடையுள்ள ரம்பம் பொருத்தப்பட்டிருக்கிறது எனக் கொள்வோம். ஒரு கை கோலின் அடியிலும், மறு கை அதிலிருந்து 1 மீட்டர் தள்ளியும் பிடித்திருக்கின்றன. கோல் தரைக்கு இணையாக இருப்பின், முன்கையைத் தாங்கு புள்ளியாகக் கொண்டு கணக்கிடலாம். ரம்பம் 3 மீட்டர் தொலைவில் 1 கிலோ. கோலின் ஈர்ப்பு மையம் 1 மீட்டர் தொலைவில் 2 கிலோ. இவ்விரண்டையும் சமன் செய்யப் பின்கை 5 கிலோ பாரத்திற்குச் சமமான விசையுடன் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். முன்கை தாங்கும் மொத்தப் பாரம் 8 கிலோ. ஆக, 3 கிலோ எடையுள்ள கருவி கையில் 8 கிலோவாகிறது.

கோலைத் தரையிலிருந்து 60 பாகை சாய்வில் நிமிர்த்தினால், நெம்பு தூரங்கள் பாதியாகி, சுமையும் வெகுவாகக் குறையும். ஆகவே கோலை எவ்வளவு நிமிர்த்திப் பிடிக்கிறோமோ அவ்வளவு களைப்புக் குறைவு. ஆனால் முற்றிலும் நிமிர்த்தினால் அறுப்பவர் கிளைக்கு நேர் கீழே நிற்க நேரிடும். இதுவே இக்கருவியில் உள்ள முக்கியமான முரண்பாடு. களைப்பு அறுப்பவரைக் கிளையின் அடிக்கு இழுக்கிறது. பாதுகாப்போ அவரை விலகி நிற்கச் சொல்கிறது. 60 பாகை சாய்வில் பிடித்த 4 மீட்டர் கோல், நிற்பவருக்கு 2 மீட்டர் இடைவெளி தருகிறது. கோலின் அடி தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருப்பின், நுனி எட்டும் உயரம் சுமார் நாலரை மீட்டரே. வியாபாரிகள் கூறும் உயரத்திற்கும், பாதுகாப்பாக எட்டும் உயரத்திற்கும் உள்ள வேறுபாடு இதிலிருந்து விளங்கும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வாங்க எண்ணியுள்ள கோலின் நீளத்திற்கு ஒரு மூங்கிலை எடுத்து, அதன் நுனியில் 1 கிலோ மணலைத் துணிப்பையில் இட்டு இறுகக் கட்டி, திறந்த வெளியில், தலைக்கவசம் அணிந்து, 60 பாகை சாய்வில் பத்து நிமிஷம் பிடித்து, முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்க வேண்டும். கை நடுங்காமல் இதனைச் செய்ய இயலாதவர், அந்த நீளமுள்ள கருவியை வாங்குவதில் பயனில்லை.

விழும் கிளையின் வேகம்

10 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கிளையின் கன அளவு சுமார் 0.024 கன மீட்டர். பச்சை மரத்தின் அடர்த்தி பல மரங்களில் நீரின் அடர்த்தியை நெருங்கி இருப்பதால், அக்கிளை, இலைகள் நீங்கலாக, 20 கிலோவுக்குக் குறையாது. 5 மீட்டர் உயரத்திலிருந்து அது தரையை அடையும்பொழுது அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர்; அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். மேலும் கிளை எப்பொழுதும் நேராக விழுவதில்லை. இலைகள் அடர்ந்த நுனி முதலில் தாழ்ந்து, அடிப்பகுதி ஊசலாடி அறுப்பவரை நோக்கி வரலாம். அல்லது கோலின் வழியே சறுக்கிக்கொண்டு கைக்கே வரலாம்.

இக்காரணத்தால் தலைக்கவசமும் கண்ணாடியும் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிடப்பட வேண்டும். பின்வாங்கும் வழியை முன்னதாகவே துப்புரவாக வைத்திருத்தல் அவசியம். மற்றொருவர் தொலைவில் நின்று யாரும் நெருங்காதவாறு காவல் காக்க வேண்டும். மாணவர்களை இவ்வேலையில் ஈடுபடுத்துதல் எவ்விதத்திலும் கூடாது. பள்ளி விடுமுறை நாளே இதற்கு உகந்தது.

மின்கம்பி உள்ள இடம்

மேற்கூறியவற்றைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. இலேசாக இருக்கும் பொருட்டுப் பெரும்பாலான கோல்கள் அலுமினியத்தால் செய்யப்படுகின்றன. அலுமினியம் மிகச் சிறந்த மின்கடத்தி. மின்கம்பிகளே அதனால்தான் செய்யப்படுகின்றன. 11,000 வோல்ட் அழுத்தமுள்ள வினியோகக் கம்பியாயினும், வீட்டிற்கு வரும் 230 வோல்ட் கம்பியாயினும், உலோகக் கோல் தொட்டால் உயிருக்கு ஆபத்து. மாங்காயும் தேங்காயும் பறிக்க உலோகத் துரட்டிகளை மின்கம்பிகளின் அருகே உயர்த்த வேண்டாமென்று கேரள மாநில மின்சார வாரியம் மக்களைப் பலமுறை எச்சரித்திருப்பதும் இக்காரணத்தாலேயே.

மூங்கிற் கோல் பாதுகாப்பானது என்று எண்ணுதலும் தவறு. ஈரமான மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி நார்க் கோல் உலர்ந்தும் சுத்தமாகவும் இருக்கும்வரையில் மின்சாரத்தைத் தடுக்கும். அழுக்கும் ஈரமும் படிந்தால் அந்தத் தடை குறைந்துவிடும். இவை அனைத்தையும்விட முக்கியமான செய்தி, சாறு நிறைந்த பச்சைக் கிளையே மின்கடத்தி என்பது. அறுபட்ட கிளை சாய்ந்து கம்பியின்மீது விழுமாயின், எந்தக் கோலும் துணை செய்யாது. ஆகவே கிளையோ, கோலோ, விழும் கிளையோ மின்கம்பிக்கு 3 மீட்டருக்குள் வரக்கூடிய இடத்தில் கோல் ரம்பத்தை உயர்த்தவே கூடாது. அத்தகைய கிளைகளை மின்சார வாரியத்திற்குத் தெரிவித்து, மின்னோட்டத்தை நிறுத்தச் செய்து, அதன் ஊழியரைக் கொண்டே அகற்ற வேண்டும்.

மூன்று இடங்கள், மூன்று முடிவுகள்

முதலாவதாக, பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் வயல்களில் வளர்க்கப்படும் பாப்ளர் மரங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒட்டுப்பலகைக்கான இம்மரத்தில் கணு இல்லாத நேரான அடிமரமே நல்ல விலை பெறும். அதற்காக இளமையிலேயே கீழ்க்கிளைகளை, இலை உதிர்ந்திருக்கும் குளிர்காலத்தில் நீக்குகின்றனர். கிளைகள் மெல்லியவை, உயரம் அளவானது, மரங்களோ நூற்றுக்கணக்கானவை, வேலையும் சில ஆண்டுகள் தொடர்ந்து வருகிறது. இத்தகைய தோட்டத்திற்குக் கோல் ரம்பம் மிகவும் பொருத்தமான கருவியாகும்.

இரண்டாவதாக, லக்னோவை அடுத்த மலிஹாபாத்தின் பழைய மாந்தோப்புகள். தசேரி மாம்பழத்திற்குப் பெயர் பெற்ற இப்பகுதியில், முதிர்ந்து நெருங்கி, விளைச்சல் குன்றிய மரங்களின் பெருங்கிளைகளைக் குறைத்து, புதுத் தளிர்களை வளர்க்கும் முறையை லக்னோவிலுள்ள மத்திய மித வெப்பமண்டலத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பரப்பியுள்ளது. அங்கே அறுக்கப்படுபவை தொடைப் பருமனுள்ள கிளைகள். அவை ஆண்டுதோறும் அறுக்கப்படுபவையும் அல்ல. இவ்வேலைக்குக் கோல் ரம்பம் உதவாது. சங்கிலி ரம்பத்துடன் பயிற்சி பெற்ற ஆட்களை அமர்த்துவதே முறை. ஆனால் புதுத் தளிர்கள் வளர்ந்த பின்னர், ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் நெருக்கமான சிறு கிளைகளைக் களைவதற்குக் கோல் ரம்பம் பயன்படும். ஒரே தோப்பில் ஒரு வேலைக்கு ஆகாத கருவி, மற்றொரு வேலைக்கு ஆகும் என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாவதாக, ஏதேனும் ஓர் ஊரின் பள்ளி வளாகம். நான்கு வேம்பு, இரண்டு புங்கு, ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கின்றன எனக் கொள்வோம். தூங்குமூஞ்சியின் கிளைகள் மிகவும் பருத்தவை. அவை தேர்ந்த ஆட்களுக்கு உரியவை. ஒரு வேம்பு மின்கம்பியின் கீழ் நிற்கிறது; அது மின்சார வாரியத்திற்கு உரியது. எஞ்சிய ஐந்து மரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சிறு கிளைகளே கழிக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் காலைப் பொழுதில் முடியும் இவ்வேலைக்காகத் தனியே ஒரு கருவி வாங்கினால், ஆண்டின் எஞ்சிய நாட்களெல்லாம் அது துருப்பிடித்துக் கிடக்கும். ஒன்றியத்திலுள்ள பத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரு கருவியை வைத்துக்கொண்டு, அதனைக் கையாள ஒருவருக்கு முறையாகப் பயிற்சி அளிப்பதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும்.

செலவைக் கணக்கிடும் முறை

விலை 4,000 ரூபாய் என்றும், கருவி 8 ஆண்டுகள் உழைக்கும் என்றும் உதாரணத்திற்காக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 500 ரூபாய் ஆகிறது. அலகு மாற்றுவதற்கும் எண்ணெய்க்கும் ஆண்டுக்கு 200 ரூபாய் கூட்டினால் மொத்தம் 700 ரூபாய். ஆண்டுக்கு 10 கிளைகள் அறுக்கும் இடத்தில் கிளை ஒன்றுக்கு 70 ரூபாய். 200 கிளைகள் அறுக்கும் இடத்தில் மூன்றரை ரூபாய். அவரவர் ஊரில் உள்ள உண்மை விலையை இட்டு இவ்வாறே கணக்கிட்டு, மரமேறுவோர் கூலியோடு ஒப்பிட வேண்டும். ஆனால் இக்கணக்கில் ஒரு பகுதி ரூபாயில் அடங்காது. தேர்ந்த மரமேறி இல்லாத ஊரில், பழக்கமில்லாத ஒருவரைக் குறைந்த கூலிக்கு மரத்தில் ஏற்றுவது சிக்கனம் ஆகாது. அவர் விழுந்தால் அக்குடும்பம் அடையும் இழப்பை எந்தக் கணக்கும் ஈடு செய்யாது. அத்தகைய இடத்தில், தரையிலிருந்து எட்டும் சிறு கிளைகளுக்குக் கோல் ரம்பம் சற்று அதிகச் செலவாயினும் தகுந்ததே.

எங்கே அறுப்பது

கருவி நல்லதாக இருந்தாலும் இடம் தவறினால் மரம் கெடும். கிளை தாய்மரத்தோடு சேருமிடத்தில் சற்றே பருத்த வளையம் ஒன்று இருக்கும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய மரநோய் விஞ்ஞானி அலெக்ஸ் ஷிகோ (1930–2006) ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து ஆராய்ந்து, காயம் பட்ட மரம் அழுகலைச் சுற்றித் தடுப்புகளை அமைத்து அதனை அடைத்துவிடுகிறது என்று விளக்கினார். அவ்வாறு அடைக்கும் ஆற்றல் அந்த வளையத்தில் மிகுதியாக உள்ளது. முற்காலத்தில் கூறப்பட்டது போல அடிமரத்தோடு ஒட்ட அறுத்தால் அவ்வளையம் அழிகிறது. நீளமான கட்டையை விட்டு அறுத்தால் அக்கட்டை பட்டு, அழுகல் உட்புகுகிறது. ஆகவே வளையத்திற்குச் சற்று வெளியே அறுப்பதே சரி.

பாரமுள்ள கிளையை மூன்று வெட்டுகளில் அகற்ற வேண்டும். முதலில், வளையத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிளையின் அடிப்புறத்தில் சிறிது அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேற்புறத்திலிருந்து அறுத்தால், கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். எஞ்சிய கட்டையை இறுதியாக வளையத்தின் ஓரத்தில் அறுக்கலாம். கோல் ரம்பத்தால் அடிப்புறம் அறுக்கையில் கருவியின் பாரம் உதவாது. மேல்நோக்கி அழுத்த வேண்டியிருக்கும். அது கடினமாயின், கிளையை நுனியிலிருந்து சிறு துண்டுகளாக அறுத்துப் பாரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். ஒரு முறையில் தழைப்பரப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நீக்கலாகாது. பறவைக் கூடும் தேன்கூடும் உள்ளனவா என்று முதலில் பார்த்தல் நன்று.

பல மாநிலங்களில் மரங்களைக் காப்பதற்குத் தனிச் சட்டங்கள் உண்டு. மகாராஷ்டிரத்தின் நகர்ப்புறங்களுக்கு 1975-ஆம் ஆண்டுச் சட்டமும், கர்நாடகத்திற்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டமும், டில்லிக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் இயற்றப்பட்டன. பொது இடத்து மரமாயின், வேலை தொடங்குமுன் உள்ளூர் அதிகாரியிடம் அனுமதி தேவையா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வாங்குவதாயின்

வாங்குவதென்று முடிவு செய்தால், தேவையான நீளத்திற்கு மேல் வாங்க வேண்டாம். நீட்டிச் சுருக்கும் கோலாயின், முழுவதும் நீட்டிய நிலையில் இணைப்புகள் ஆடுகின்றனவா, பூட்டுகள் நழுவுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மாற்று அலகு அதே கடையில் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். அலகு கிடைக்காத கருவி இரண்டாம் ஆண்டிலேயே வெறுங்கோலாகிவிடும். வேலை முடிந்ததும் அலகில் படிந்த பாலையும் பிசினையும் துடைத்து, எண்ணெய் தடவி, உறையிட்டு, மாணவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

சுருங்கக் கூறின், கிளை 10 சென்டிமீட்டருக்கு உட்பட்டதாயும், விலகி நின்று எட்டக்கூடியதாயும், மின்கம்பிக்கு அப்பாற்பட்டதாயும், ஆண்டுதோறும் பல இருப்பனவாயும் அமைந்தால் கோல் ரம்பத்தை வாங்கலாம். எண்ணிக்கை மட்டும் குறைவாயின் பலர் சேர்ந்து வாங்கலாம். மற்றவற்றுள் ஒன்று குறைந்தாலும், அக்கிளையை அதற்குரியவரிடம் விட்டுவிடுதலே அறிவுடைமை.